இரண்டு சுரங்களுக்கு இடையே: இசைப் பாடநூல் தேர்வு பற்றி ஒரு வரலாற்றுக் குறிப்பு

எட்டயபுரத்தில் 1904ஆம் ஆண்டு அச்சேறிய சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யைப் புரட்டுவோர் கண்ணில் சுரங்களோடு ஒட்டி நிற்கும் சிறு சாய்கோடு ஒன்று அடிக்கடி படும். மேல்நோக்கிச் சாய்ந்தால் ஏற்ற ஜாரு, கீழ்நோக்கிச் சாய்ந்தால் இறக்க ஜாரு. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவாமல், இடையிலுள்ள ஒலிவெளியைத் தடவிக்கொண்டே செல்லவேண்டும் என்பது அக்குறியின் பொருள். அமெரிக்காவில் ஸ்டீல் கிட்டார் கற்பிக்க எழுதப்பட்ட நூல்களைப் புரட்டினாலும் இதே சாய்கோடு, இதே பொருளில் வரக் காண்கிறோம். எட்டயபுரத்துப் புலவருக்கு அமெரிக்கக் கிட்டார் தெரியாது. அந்நூல்களை எழுதியோருக்கு எட்டயபுரம் தெரியாது. இழையும் ஒலியைத் தாளில் பிடிக்க முயன்ற இருவரும் ஒரே கோட்டைக் கிழித்திருக்கிறார்கள்.

இந்தக் கோட்டை முன்னிட்டு ஒரு வினாவை எழுப்பலாம். தென்காசியிலோ குற்றாலத்திலோ இருக்கும் ஒருவர் பெடல் ஸ்டீல் கிட்டாரில் ஜாஸ் பயில விரும்பினால் எந்தப் பாடநூலைத் தேர்வது? பக்கத்தில் ஆசிரியர் இல்லை. நூலும் ஒலிப்பதிவும்தாம் துணை. வினா அயலூர்ச் சரக்காகத் தோன்றலாம். ஆனால் ஆசிரியர் அருகில் இல்லாதபோது இசையை எதைக்கொண்டு கற்பது என்ற அதன் உட்பொருள் தென்காசி வட்டாரத்துக்குப் புதியதன்று. நூறாண்டுகளுக்கு மேலாக இம்மண் அதற்குப் பல விடைகளை முயன்று பார்த்திருக்கிறது.

கருவியை முதலில் அறிமுகம் செய்துவிடுவோம். கிட்டாரை மடியில் கிடத்தி, விரலால் அழுத்துவதற்குப் பதில் ஓர் இரும்புத் தண்டைத் தந்திகளின்மேல் நகர்த்தி வாசிக்கும் முறை ஹவாய்த் தீவுகளில் தோன்றியது. 1880களின் இறுதியில் ஜோசப் கெக்குகு என்ற இளைஞர் கண்டறிந்தார் என்று பொதுவாகச் சொல்வர். 1930களில் அது மின்கருவியாயிற்று. பின்னர்க் காலால் மிதிக்கும் பெடல்களும் முழங்காலால் தள்ளும் நெம்புகோல்களும் சேர்ந்தன. ஒரு பெடலை மிதித்தால் குறிப்பிட்ட தந்திகளின் சுருதி மட்டும் ஏறும் அல்லது இறங்கும். மற்றவை அசையாமல் நிற்கும். இவ்வாறு நிற்கும் ஒலியின்மேல் நகரும் ஒலி இழைவதே அக்கருவியின் தனிச்சுவை.

இதற்கு இரண்டு சுருதி அமைப்புகள் பெருவழக்கு. ஈ-9 என்பது அமெரிக்க நாட்டுப்புறப் பாணிக்குரியது. சி-6 ஜாஸுக்கும் அதன் உறவான வெஸ்டர்ன் ஸ்விங்குக்கும் உரியது. சி-6 அமைப்பில் முதன்மையான ஒலிகளை நம் சுரங்களில் சொன்னால் ச, அந்தர காந்தாரம், ப, சதுசுருதி தைவதம் என்று வரும். மோகனத்தில் ரிஷபத்தை எடுத்துவிட்டதுபோல. அதே நான்கில் தைவதத்தை ஆதாரமாகக் கொண்டால் ச, சாதாரண காந்தாரம், ப, கைசிகி நிஷாதம் என்று வேறு முகம் காட்டும். ஒரே தந்திக்கூட்டம் இரண்டு முகம் கொள்வதால்தான் அடிக்கடி நிலைமாறும் ஜாஸுக்கு அது ஒத்துவந்தது.

ஆக, கற்பவர் தாளில் தேடவேண்டியவை இரண்டு: தண்டு எங்கே நிற்கவேண்டும், அங்கே எவ்வாறு போய்ச்சேரவேண்டும். முன்னதை எழுதுவது எளிது. பின்னதுதான் எல்லா மரபிலும் சிக்கல். தென்காசிப் பக்கம் திரும்புவோம்.

* * *

குற்றாலத்திலிருந்து தொடங்குவது முறை. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டில் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சி இசை நாடகம். மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் அதற்காகக் கொடுத்த நிலம் 'குறவஞ்சி மேடு' என்றே வழங்கிற்று என்பர். நூலின் கீர்த்தனைகளுக்கு மேல் இராகமும் தாளமும் குறிக்கப்பட்டிருக்கும். ஒரு பாடலை நினைவூட்ட அந்நாளில் அவ்வளவே போதும் என்று கருதினர். இராகப் பெயரைக் கண்டதும் மெட்டு நினைவுக்கு வரும் ஒருவரை நம்பி எழுதப்பட்ட குறிப்பு அது. அவர் இருக்கும்வரை குறிப்பு பேசும்; அவர் போனபின் தலைப்பு மட்டும் எஞ்சும். 1944இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவில் இந்நூலை மேடையேற்றியபோது வீணை கிருஷ்ணமாச்சாரியார் இசையமைத்தார். சொற்கள் ஒன்றுவிடாமல் கிடைத்தன, இராகமும் தாளமும் கிடைத்தன, எனினும் இசையை ஒருவர் அமைக்கவேண்டியிருந்தது.

குற்றாலத்தில் இறுதிவரை வாழ்ந்து 1954இல் மறைந்த இரசிகமணி டி.கே.சி. கவிதையைக் கண்ணால் படிப்பதைவிடச் செவியால் கேட்பதற்கே முதன்மை தந்தவர். அவருடைய பாட வேறுபாட்டுத் தீர்ப்புகளை எல்லோரும் ஏற்பதில்லை. நாமும் பலவற்றை ஏற்பதில்லை. ஆனால் அச்சுத்தாள் ஓசையின் நிழலே என்ற அவருடைய அடிப்படை உணர்வு இசைப் பாடநூலுக்கு முழுக்கப் பொருந்தும்.

இந்த நிழலுக்கு எலும்பும் தசையும் தர முயன்றவர் தென்காசிக்கு அருகே சாம்பவர்வடகரையில் 1859 ஆகஸ்ட் 2 அன்று பிறந்த மு. ஆபிரகாம் பண்டிதர். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில் சடையாண்டிப் பத்தரிடம் இசை கற்றார். தஞ்சையில் குடியேறியபின் பிச்சைமுத்துப் பிள்ளையிடம் மேற்கத்திய இசையும் பயின்றார். பள்ளி ஆசிரியப் பணியை விட்டுச் சித்த மருத்துவத்தில் இறங்கி, அதில் ஈட்டிய பொருளை இசை ஆய்வில் செலவிட்டார். 1912இல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவித் தம் செலவில் இசை மாநாடுகள் கூட்டினார். 1917இல் வெளிவந்த 'கருணாமிர்த சாகரம்' ஆயிரத்து முந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்டது. 1919இல் அவர் மறைந்தார். இரண்டாம் நூலை அவர் மகள் மரகதவல்லி 1946இல் வெளிக்கொணர்ந்தார்.

பெருநூலைப் பற்றிப் பேசுவோர் பலர். நம் பொருளுக்கு வேண்டியது அதற்குப் பத்தாண்டு முன், 1907இல் வந்த 'கருணாமிர்த சாகரத் திரட்டு'. இசை பயில்வோர் தமிழில் பாடிப் பழகுவதற்கென, தொண்ணூறுக்கு மேற்பட்ட பாடல்களைச் சுரதாளக் குறிப்புடன் தந்த நூல் அது. பயிற்சி உருப்படிகளில் பெரும்பாலானவை தெலுங்கிலும் வடமொழியிலும் இருந்த காலம். பொருள் விளங்காத சொற்களை உருப்போடுவதே முதற்பாடமாக இருந்தபோது, 'கற்பவர் மொழியிலேயே பாடம் இருக்கட்டும்' என்று ஒருவர் தேர்ந்தார். குருகுல வாசல் எல்லாச் சாதியாருக்கும் எல்லாச் சமயத்தாருக்கும் ஒரே அளவில் திறந்திராத நாள் அது என்பதையும் நினைவிற்கொள்ளவேண்டும். ஆசிரியர் வீட்டுத் திண்ணையில் இடமுள்ளவனுக்குப் பாடநூல் ஒரு குறிப்பேடு; இடமில்லாதவனுக்கு அதுவே வாசல். 'இசையை நூலால் கற்க முடியாது, குருமுகமாகவே கற்கவேண்டும்' என்று இன்றும் நாம் மேடைகளில் கேட்கும் வாக்கியம் உண்மைதான். ஆனால் குரு கிடைத்தவர்களே அதை மிகுதியும் சொல்லி வந்திருக்கிறார்கள் என்பதும் உண்மை.

திரட்டின் குறை வெளிப்படையானது. ச ரி க என்று எழுத்துகள் நிற்கும், காலக்கணக்கு நிற்கும். தோடியின் காந்தாரம் அசையும் அசைவு அதில் இல்லை. பிற்காலத்தில் பெருவழக்குப் பெற்ற ஏ.எஸ். பஞ்சாபகேச ஐயரின் 'கானாம்ருத போதினி' போன்ற தொடக்கநிலை நூல்களும் இவ்வகையினவே. அவற்றை வைத்துக்கொண்டு ஆசிரியர் பாடிக்காட்டினால் பாடம் நிறைவுறும். தனியே பயில்பவருக்கு எலும்புக்கூடு மட்டும் கிடைக்கும்.

அந்த அசைவையும் எழுதிவிட முடியும் என்று துணிந்தது எட்டயபுரம். ஏ.எம். சின்னசாமி முதலியார் என்ற சென்னைக் கிறித்தவர் நம் உருப்படிகளை ஐரோப்பியக் குறிமுறையில் பதிப்பிக்கப் பெருமுயற்சி செய்தவர். அவருடைய தூண்டுதலும் எட்டயபுரம் சமஸ்தானத்தின் ஆதரவும் சேர்ந்துதான், தீட்சிதர் பரம்பரைச் செல்வத்தைச் சுப்பராம தீட்சிதர் எழுத்தில் இறக்கினார். கம்பிதத்துக்கு நெளிகோடு, ஸ்புரிதத்துக்குப் புள்ளிகள், நொக்குக்கு ஒரு குறி, ரவைக்கு ஒரு குறி, ஜாருவுக்குச் சாய்கோடு என்று ஒவ்வொரு அசைவுக்கும் அடையாளம் வகுத்தார். ஐரோப்பியக் குறிமுறையோடு ஏற்பட்ட உரசல் இல்லாமல் இத்தகைய நூல் தோன்றியிருக்குமா என்பது ஐயமே. மரபின் காவலர் என்று போற்றப்படுபவர் அயல்முறையின் அறைகூவலுக்கு விடையாகவே தம் நூலை எழுதினார்.

எனினும் நூல் தெலுங்கு எழுத்தில் அச்சாயிற்று. சென்னை மியூசிக் அகாதெமி அதைத் தமிழ் எழுத்தில் வெளியிடத் தொடங்கியது 1961இல்தான். தென்காசிக்கும் எட்டயபுரத்துக்கும் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். அந்தத் தொலைவைக் கடந்து தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த மாணவரிடம் சாய்கோடு வந்துசேர 57 ஆண்டுகள் ஆயின.

இதற்கிடையில் தாளே வேண்டாத பாடம் ஒன்று பிறந்துவிட்டது. செங்கோட்டையில் 1906இல் பிறந்த எஸ்.ஜி. கிட்டப்பா நாடகக் குழுவில் வளர்ந்தவர். 27 வயதில், 1933இல் மறைந்தார். மேல்சுருதியில் மின்னிப் பறக்கும் அவருடைய பிருகாக்களை எந்தக் குறிமுறையும் முழுதாகப் பிடிக்காது. பக்கத்துக்கு மூன்று நிமிடமும் சிறிதும் ஓடும் இசைத்தட்டு பிடித்தது. ஊசியைத் திரும்பத் திரும்ப வைத்துக் கேட்டுப் பாடிப் பழகியோர் தமிழ்நாட்டில் ஏராளம். இசைத்தட்டு எப்போது வேண்டுமானாலும் பாடும், எத்தனை முறை கேட்டாலும் சலிக்காது, சாதி கேட்காது. அதற்கும் குறை உண்டு. எங்கே மூச்சு வாங்குவது, எந்தச் சுரத்தில் எடுப்பது என்று அது விளக்காது; கேட்பவரின் பிழையைத் திருத்தாது.

இராகப் பெயர், சுரக்குறிப்பு, கமகக் குறி, ஒலிப்பதிவு என நான்கும் ஒன்றையொன்று நீக்கி வரவில்லை. ஒவ்வொன்றும் முன்னது விட்ட இடத்தை நிரப்பியது, தானும் ஓர் இடத்தை விட்டது.

* * *

இழைந்து வாசிக்கும் கருவிகளில் இந்த விடுபாடு இன்னும் கூர்மையாகும். வீணையில் மெட்டுகள் உண்டு. விரல் ஓரளவு பிசகினாலும் மெட்டு காப்பாற்றும். கோட்டுவாத்தியத்தில் மெட்டே இல்லை. தஞ்சை சீனிவாச ராவும் அவர் மகன் திருவிடைமருதூர் சகாராம ராவும் இக்கருவியை மேடைக்குக் கொண்டுவந்தவர்கள். சகாராம ராவின் மாணாக்கர் நாராயண ஐயங்கார் அதில் அனுரணனத் தந்திகளைச் சேர்த்துப் புகழ்பெற்றார். சகாராம ராவிடம் இளமையில் பயின்ற மற்றொருவர் செம்மங்குடி சீனிவாச ஐயர் என்பது நம் கவனத்துக்குரியது. வாய்ப்பாட்டுக்காரர் ஒருவர் இழைகருவிக்காரரிடம் பாடம் கேட்டார். கருவி வேறு, பாடம் வேறு என்ற சுவர் அன்று இவ்வளவு உயரமாக இருக்கவில்லை.

ஹவாயன் கிட்டார் இந்தியா வந்தபோதும் இதுவே நடந்தது. ஹவாய்க் கலைஞர் டாவ் மோ குடும்பத்தினர் 1940களில் கல்கத்தாவில் தங்கி வாசித்தனர். அங்கிருந்து கருவி பரவியது. ஜோத்பூரின் பிரிஜ் பூஷண் காப்ரா அதை இந்துஸ்தானி இசைக்கு ஆக்கியபோது அவர் பாடம் கேட்டது சரோத் மேதை அலி அக்பர் கானிடம். 1967இல் வெளிவந்த 'கால் ஆஃப் தி வேலி' இசைத்தட்டில் சந்தூரோடும் குழலோடும் அக்கிட்டார் உரையாடுவதைக் கேட்டோர் அதை அயற்கருவி என்று சொல்லமாட்டார்கள். பிற்பாடு விசுவ மோகன் பட் அதே வகைக் கருவியை மாற்றியமைத்து மோகன வீணை என்று பெயரிட்டு 1994இல் கிராமி விருது பெற்றார்.

அமெரிக்கக் கரையிலும் கதை வேறன்று. பெடல் ஸ்டீலின் பெருங்கலைஞர் பட்டி எம்மன்ஸ் 1963இல் 'ஸ்டீல் கிட்டார் ஜாஸ்' என்ற இசைத்தட்டை வெளியிட்டார். பியானோ, சாக்ஸஃபோன், பாஸ், டிரம்ஸ் ஆகியவற்றுக்கு நடுவே அவர் வாசித்தவற்றுள் சாக்ஸஃபோன் மேதை சோனி ரோலின்ஸ் இயற்றிய ஓர் உருப்படியும் உண்டு. ஊதுகருவியின் மொழியைத் தண்டுக்குக் கொண்டுவந்தார் அவர். காப்ரா சரோதிடம் போனார், எம்மன்ஸ் சாக்ஸஃபோனிடம் போனார்.

* * *

இனி நம் தென்காசி மாணவரிடம் திரும்பலாம். மேற்கண்ட வரலாறு அவருக்குச் சில அளவுகோல்களைத் தருகிறது.

முதலாவது, நூல் எந்தச் சுருதி அமைப்புக்கு எழுதப்பட்டது என்று பார்க்கவேண்டும். வின்னி வின்ஸ்டனும் பில் கீத்தும் 1975இல் எழுதிய 'பெடல் ஸ்டீல் கிட்டார்' இத்துறையில் பெயர்பெற்ற நூல். ஆனால் அதன் பெரும்பகுதி ஈ-9 அமைப்பைச் சார்ந்தது. கருவியையும் கைப்பழக்கத்தையும் அறிய அது உதவும். ஜாஸுக்கென்று வாங்குபவர் சி-6 பாடத்தைத் தனியே தேடவேண்டும்.

இரண்டாவது, எந்தப் பெடல் எந்தத் தந்தியை எவ்வளவு உயர்த்தும் என்ற அட்டவணை நூலின் முகப்பில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இக்கருவியில் இந்த ஒழுங்கு ஆளுக்கு ஆள் சிறிது மாறும். தந்தி எண், மெட்டு எண், பெடல் எண் என்று எழுதும் டேப்லேச்சர், அவ்வட்டவணை பொருந்தும் கருவியில்தான் சரியாகப் பேசும். இராகம் தெரிந்தவரை நம்பி எழுதிய குறவஞ்சித் தலைப்புபோல இதுவும் எழுதாத ஒன்றை நம்பியிருக்கிறது. டேப்லேச்சரோடு ஐந்துகோட்டுக் குறிமுறையும் சேர்ந்த நூல் மேலானது. முன்னது கையின் இடத்தைச் சொல்லும். பின்னது காலத்தையும் சுரத்தின் பெயரையும் சொல்லும்.

மூன்றாவது, ஒலிப்பதிவு இணைந்த நூலையே வாங்கவேண்டும். சாய்கோடு திசையைக் காட்டும். எவ்வளவு மெல்ல, எந்த இடத்தில் வேகம் கூட்டி, எங்கே அதிர்வு கொடுத்து என்பதைக் காட்டாது. கிட்டப்பாவின் தட்டு செய்த வேலையை இங்கும் ஒரு பதிவே செய்யவேண்டும்.

நான்காவது, ஸ்டீலுக்கென்று எழுதப்பட்டவற்றோடு நின்றுவிடக் கூடாது. சாக்ஸஃபோன் மேதை சார்லி பார்க்கரின் தனிவாசிப்புகளைக் குறிமுறையில் தரும் 'ஆம்னிபுக்' 1978இல் வந்தது. பல கருவிக்காரர்கள் அதைப் பாராயணம்போல் பயில்கிறார்கள். ஜேமி ஏபர்சோல்ட் 1967இல் தொடங்கிய வரிசையில் பக்கவாத்தியம் மட்டும் ஒலிக்கும். முதல்வாசிப்பை நாம் நிரப்பவேண்டும். சுருதிப்பெட்டியையும் தாளத்தையும் ஓடவிட்டுப் பாடும் நம் வழக்கத்தின் தம்பி என்று இதைச் சொல்லலாம்.

ஐந்தாவது சுருதி. இங்கே சாம்பவர்வடகரைக்காரர் மீண்டும் வருகிறார். ஒரு தாயியில் சுருதிகள் 22 என்ற கொள்கையை மறுத்து 24 என்று நிறுவ முயன்றவர் ஆபிரகாம் பண்டிதர். சிலப்பதிகாரத்தின் பாலை முறைகளிலிருந்து, ஆயப்பாலையில் 12, வட்டப்பாலையில் 24 எனச் சமமாகப் பகுத்துக் காட்டினார். 1916இல் பரோடாவில் கூடிய அகில இந்திய இசை மாநாட்டில் அதை எடுத்துரைத்தார். அவருடைய முடிவைப் பிற்கால அறிஞர் பலர் ஏற்கவில்லை. சமப் பகுப்பு என்ற கருத்தில் மேற்கத்திய விசைக்கருவியின் தாக்கம் இருப்பதாகக் கருதுவோரும் உண்டு. ஆனால் அவர் எழுப்பிய வினா மெட்டில்லாக் கருவிக்காரருக்கு அன்றாடச் சிக்கல். சமப் பகுப்பில் அந்தர காந்தாரம் ஆதார சட்ஜத்திலிருந்து 400 சென்ட் தொலைவில் நிற்கும். 5:4 என்ற இயற்கை விகிதத்தில் ஏறத்தாழ 386. ஒரு தந்தியில் தனியே கேட்டால் இந்த 14 சென்ட் பெரிதன்று. மூன்று நான்கு தந்திகளை ஒருங்கே மீட்டும்போது சமப் பகுப்புக் காந்தாரம் உரசும். அதனால்தான் ஸ்டீல் கலைஞர் பலர் அத்தந்தியைக் கருவி காட்டும் முள்ளுக்குச் சற்றுக் கீழே இறக்கிச் சுருதி சேர்க்கிறார்கள். இதைப் பற்றி ஒரு பக்கமாவது பேசும் நூல், கற்பவரின் செவியை மதிக்கும் நூல்.

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாயிற்று. செங்கோட்டையும் சாம்பவர்வடகரையும் குற்றாலமும் அதனுள் அடங்கின. இந்த மண்ணில் ஒருவர் இன்று பாடநூல் தேர்வு செய்யும்போது, நூல் எழுதியவர் எதையெல்லாம் விட்டிருக்கிறார் என்பதையும் கேட்டுக்கொள்ளவேண்டும். விட்டதை மறைக்காமல் சொல்லி, அதற்கு எங்கே போவது என்று வழிகாட்டும் நூல் கிடைத்தால் அதை வாங்கலாம். இக்கருவிக்கு நாமறியத் தமிழில் முழுமையான பாடநூல் இல்லை. யாரேனும் ஒருவர் எழுத முன்வந்தால், சாய்கோட்டுக்குப் பொருள் சொல்லும் பக்கத்தில் அவர் புதுச்சொல் படைக்க வேண்டியிராது. ஜாரு என்று எழுதிவிட்டு, பண்டிதர் 1907இல் செய்ததுபோல் கற்பவர் மொழியிலேயே மற்றதை விளக்கினால் போதும்.